ஒரு சொட்டு விழுந்தால்

ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் மறுபேச்சில்லாமல் பனியன் கம்பெனிக்கே திரும்பிப் போய்விடுவது என்று துளசிமணி தனக்குள்ளேயே பந்தயம் கட்டிக்கொண்டு, தான் தைத்த டென்ட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். டென்ட் நின்றது மலையிலும் இல்லை, காட்டிலும் இல்லை; திருப்பூரில் ஒரு வாடகை வீட்டு மொட்டை மாடியில், சின்டெக்ஸ் டேங்குக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில். வெளியே அவள் புருஷன் சென்னியப்பன், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கீழ்வீட்டு ஓனரக்காவின் பூவாளியை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, மழையாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோறு தின்ற வயிறு, இந்நேரம் குப்புறப் படுத்துக் குறட்டை விடவேண்டிய மனுஷன். "இப்பத் தூத்தல் உடறேன், பாத்துக்க புள்ள!" என்று வருண பகவானுக்கு மச்சினன் மாதிரி குரல் கொடுத்தான். தலைக்கு மேல் சரசரவென்று சத்தம் ஓடியது. துளசிமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். துணி லேசாக நடுங்கியது, அவ்வளவுதான், தண்ணீர் சரிந்து ஓரத்தில் ஓடிவிட்டது. ஆனால் தூறலுக்கு எந்தத் துணிதான் ஒழுகும், தூறலுக்குத் தாங்கிவிட்டது என்று துள்ளினால் பார்க்கிறவன் சிரிக்கமாட்டானா, இன்னும் சாரல் இருக்கிறது, கனமழை இருக்கிறது, அந்த ஆள் அண்டாவை வேறு நிரப்பி வைத்திருக்கிறான். "ஒழுகுதா?" என்றான் வெளியிலிருந்து. "இல்லீங்க மாமா" என்றாள். குரல் என்னமோ தைரியமாகத்தான் வந்தது.

மடியில் போன் கிடந்தது. எப்போது அடிக்கும் என்று தெரியாது, ஆனால் அடிக்கும். தங்கவேலண்ணன் கூப்பிடுவார். அவள் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் சூப்பர்வைசர், நல்ல மனுஷன், அதுதான் தொல்லையே; கெட்டவராக இருந்தால் ஒரே வார்த்தையில் வெட்டி விடலாம். நாளைக்குப் புது லைன் ஓட்டறோம் அம்மணி, ஓவர்லாக் மெஷினுக்கு ஆள் வேணும், உன்ற எடத்தை உனக்குன்னே புடிச்சு வச்சிருக்கறேன், பொழுது சாயறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிப்போடு, இல்லீன்னா வேற ஆள உக்கார வச்சுருவாங்க, என்று காலையிலேயே சொல்லிவிட்டார். அந்த இடம் அவளுக்குத் தெரியும். ஜன்னலோரம், தலைக்கு நேர் மேலே ஃபேன், பக்கத்து மெஷினில் வாய் ஓயாத மேரி, டீ நேரத்தில் பன், தீபாவளிக்கு போனஸ், மாசம் பிறந்தால் சம்பளம், ஈரோட்டில் நர்சிங் படிக்கிற மகளுக்கு ஹாஸ்டல் பீஸ் கட்டுகிற நாளில் யாரிடமும் கை நீட்டாத நிம்மதி. அதை விட்டுவிட்டு வந்து ஒரு வருஷமாகப் பழைய குடைத் துணியைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சொந்தத்தில் ஒரு கல்யாணம் காதுகுத்துக்குப் போக முடியவில்லை. என்ன துளசி, குடைத் துணியில குச்சு வீடு கட்டறியாமா, என்று அவள் நாத்தனார் பந்தியில் வைத்துக் கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்து வைத்தாள். குச்சுதான் கட்டுகிறேன், உனக்கென்னடி வந்தது என்று கேட்டிருக்கவேண்டும். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் அந்தப் பதில் வந்தது. அவளுக்குப் பதில் எல்லாமே பாத்திரம் கழுவும்போதுதான் வரும்.

நாளைக் காலையில் ஹெலன் டீச்சர் வேன் எடுத்துக்கொண்டு வருவார். கோயமுத்தூரில் ஒரு காலேஜில் விளையாட்டு டீச்சர். லீவு விட்டால் போதும், பெண்களைக் கூட்டிக்கொண்டு மலை ஏறக் கிளம்பிவிடுவார். பாங்க்கில் வேலை செய்கிறவர்கள், வீட்டோடு இருக்கிறவர்கள், ரிட்டயரான ஒரு தாசில்தாரம்மாகூட உண்டு. ஆறு டென்ட் சொல்லியிருக்கிறார். ஐந்து கீழே மூட்டையாகக் கட்டித் தயாராக இருக்கிறது, ஆறாவது இதுதான். ஆர்டர் கொடுக்கும்போது டீச்சர் சிரிக்கவேயில்லை. "மலையில மழை சொல்லிட்டு வராது துளசி. ஒழுகுச்சுன்னா ஓடி ஒதுங்கறதுக்கு அங்க வீடு வாசல் கிடையாது. குளிர்ல நனைஞ்சா விளையாட்டு இல்ல. தாங்குமா?" என்று கேட்டார். தாங்குங்க டீச்சர் என்று சொல்லிவிட்டாள், யோசிக்கக்கூட இல்லை, படக்கென்று வந்துவிட்டது. இது நல்லபடியாகப் போனால் மழைக்கோட்டு, முதுகுப்பை, அட்டைப்பூச்சி கடிக்காமல் காலில் கட்டுகிற உறை என்று வருஷம் முழுக்க வேலை தருவதாகச் சொன்னார், வேறு குழுக்களுக்கும் சொல்கிறேன் என்றார். போகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும். அந்தத் தாங்குங்க என்கிற ஒரு சொல் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்த தைரியம் என்று அன்றிலிருந்து தினமும் தன்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். "அடுத்தது சாரல்!" என்று வெளியே சத்தம் கேட்டது. பூவாளி இந்த முறை பக்கவாட்டில் வீசியது. பாவம், சாரலை எப்படிக் கொடுப்பது என்று ரோசனை செய்து, ஓடி ஓடி வீசுகிறான், மூச்சிரைப்பு கேட்கிறது.

சாரலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் கண் மற்ற பக்கம் எதையும் பார்க்கவில்லை. வலது பக்கம், உச்சியிலிருந்து ஒரு முழம் கீழே, நீலத் துணியும் மஞ்சள் துணியும் சேருகிற தையல். அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். தையலுக்குப் பக்கத்தில், ஒரு அரிசி அகலம் தள்ளி, வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். வெயில் பட்டபோது அத்தனையும் மினுக்கின. காலையில் டென்ட்டை நிறுத்திவிட்டு முதல்முதலாக உள்ளே தவழ்ந்து வந்து நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தாள். ஊசி ஓட்டை. அவள் போட்ட ஓட்டைதான். முந்தாநாள் ராத்திரி தைத்து முடித்துப் பார்த்தால் நீலமும் மஞ்சளும் சேருகிற இடம் கொஞ்சம் கோணை. கொஞ்சம்தான். "விடு புள்ள, கோணையா இருந்தா மழைக்குத் தெரியவா போகுது" என்றான் சென்னியப்பன். விட்டாளா? இத்தனை வருஷம் பனியன் தைத்த கை, கோணையைக் கண்டால் அதற்கு அரிக்கும். அவன் தூங்கப் போனதும் நூல் வெட்டுகிற ட்ரிம்மரை எடுத்துத் தையலைப் பிரித்தாள், அரிசி அகலம் தள்ளி நேராக ஓட்டினாள், வெட்டு வைத்த மாதிரி நேர்க்கோடு, அழகுதான். பனியன் துணியில் இதெல்லாம் ஒரு விஷயமா? தினமும் தையல் தப்பி எத்தனை பீஸ் ஆல்டர் என்று திரும்பி வரும், பிரிப்போம், தைப்போம், நகத்தால் இரண்டு கீறு கீறினால் பழைய ஓட்டை மூடிக்கொள்ளும், அப்புறம் அயர்னில் ஆவி பட்டால் பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது. பனியன் எதையும் பொறுத்துக்கொள்ளும். இது குடைத் துணி. ஒரு தடவை ஊசி ஏறினால் ஏறினதுதான், அந்த ஓட்டை ஜென்மத்துக்கும் மூடாது. அது அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இந்த ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்ட முதல் பாடமே அதுதான், நூலையெல்லாம் மெழுகில் இழுத்து இழுத்துத்தான் தைக்கிறாள், ஓட்டைக்குள் மெழுகு நூல் உட்கார்ந்துகொண்டால் தண்ணிக்கு வழி கிடையாது. புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. தூக்கக் கலக்கத்தில் கை பாட்டுக்குக் கம்பெனிக்குப் போய்விட்டது.

இதைச் சென்னியப்பனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விடு என்று சொன்னதைக் கேட்காமல் செய்தது, அதுவும் அவன் தூங்கினதற்கு அப்புறம் திருட்டுத்தனமாகச் செய்தது, இப்போது போய் நீங்க சொன்னதுதான் சரி மாமா என்று நின்றால், அந்த மனுஷன் ஒன்றும் திட்டமாட்டான், ஆமா பின்ன என்று ஒரு பார்வை பார்ப்பான், அந்தப் பார்வையை அவளால் ஒரு வாரத்துக்குத் தாங்கமுடியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு, நீங்க தண்ணி ஊத்துங்க, நான் உள்ள உக்காந்து பாக்கறேன் என்று வந்து, நேராக அந்தத் தையலுக்குக் கீழேயே உட்கார்ந்திருக்கிறாள். விழுந்தால் தன் தலையில் விழட்டும். கழுத்தில் ஏதோ ஈரமாக ஊர்ந்தது. ஐயோ. கை படக்கென்று போய்த் தொட்டது. வேர்வை. அட, வேர்வை! டென்ட்டுக்குள் அடுப்படி மாதிரி வேகிறது, வேர்க்காமல் என்ன செய்யும். வேர்வை பந்தயத்தில் சேராது என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். பந்தயம் கட்டினவளும் அவள்தான், தீர்ப்புச் சொல்கிறவளும் அவள்தான், இந்த மாதிரி ஒரு கோர்ட்டு எங்கேயாவது உண்டா.

"ஏனுங் தம்பி!" என்று கீழேயிருந்து ஓனரக்கா ரங்கநாயகியின் குரல் ஏறி வந்தது. "மேல என்ன கோயில் கும்பாபிஷேகமா? சன்ஷேடு வழியாத் தண்ணி கொட்டுது, என்ற மொளகாயெல்லாம் நனைஞ்சு போச்சு!" சென்னியப்பன் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, "டெஸ்ட்டிங்குங்கக்கா" என்றான். "என்ன டெஸ்ட்டிங்கு?" "மழை டெஸ்ட்டிங்கு." "ஏஞ்சாமி, ஊரே மழை வருமான்னு ஏங்கிட்டுக் கெடக்குது, நீ என்னடான்னா, வந்தா ஒழுகுமான்னு மெனக்கெட்டுக்கிட்டிருக்கற" என்றாள் அக்கா. அப்புறம், "துளசி எங்க?" "உள்ள உக்காந்திருக்குதுங்க." "உள்ளயா? வேகற வெயில்ல? அட, கூறு கெட்டவங்களா" என்றாள், பின்னாலேயே மிளகாயை அள்ளுகிற முறத்தின் சத்தம் கேட்டது. துளசிமணி உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நின்றதும் பயம் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, எங்கேயும் போகவில்லை, பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறது.

வெயில் கொஞ்சம் சாய்ந்தது. டென்ட்டுக்குள் நிறம் மாறியது. நீலப் பக்கம் அவள் கால் நீலம், மஞ்சள் பக்கம் கை மஞ்சள், நடுவில் சிவப்பு ஒரு பட்டை முழங்காலில் கிடந்தது. நீலம், கப்பலேறப் போய்த் திரும்பி வந்த மழைக்கோட்டுத் துணி. ஜிப் கோணல் என்று ஏதோ நாட்டுக்காரன் தள்ளிவிட்டானாம், வேஸ்ட் குடோனில் மூட்டையாக மூலையில் கிடந்தது. சிவப்பு, ஒரு ஹோட்டல் வாசலில் போட்டிருந்த பெரிய குடை, காற்றில் கம்பி முறிந்தது. மஞ்சள், நகைக் கடையில் இனாமாகக் கொடுக்கிற குடை. அட்சய திருதியை நல்வாழ்த்துகள் என்று போட்டிருக்கும். உள்ளே இருந்து பார்க்கும்போது எழுத்தெல்லாம் திரும்பி நின்றன. அந்தக் குடையை மட்டும் ஊரில் எத்தனை பேர் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்! ஓசியில் வந்தது என்றால் ஒரு கம்பி வளைந்தாலும் குப்பைதான். முதலில் அப்படி ஒரு குடையைத்தான் குப்பைத் தொட்டி ஓரத்திலிருந்து எடுத்தாள். துணி ஒன்றும் ஆகாமல் மொடமொடவென்று இருந்தது. மழைக்காலத்தில் சென்னியப்பனின் சோற்றுப்பை நனைந்து நனைந்து நாறியதே, அதற்காக ஒரு பை தைத்தாள், கழுத்தை மூன்று சுருட்டுச் சுருட்டிக் கொக்கி மாட்டுகிற மாதிரி. அதை வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் அவிநாசி ரோட்டில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு அம்மா வந்து பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தக் கடையில வாங்கினீங்க என்று கேட்டிருக்கிறார். "என்ற சம்சாரம் தச்சதுங்க" என்றானாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அயர்ன் மாஸ்டர், நாளெல்லாம் அடுத்தவன் சட்டையைத் தேய்க்கிறவன், பேச்சே வராது. அன்றைக்கு அந்தக் கதையை ராத்திரி சோறு ஆறுகிற வரைக்கும் சொன்னான். அந்த அம்மாதான் ஹெலன் டீச்சர். கம்பெனியில் அவள் எவ்வளவு தைத்திருப்பாள், மலையளவு தைத்திருப்பாள். இது யார் தச்சது என்று யாராவது ஒருத்தர் கேட்டதுண்டா? தைத்தது எந்த ஊருக்குப் போயிற்று, எவன் போட்டான், எதுவும் தெரியாது. அவள் தைத்தது வெறும் தோள்பட்டை மட்டும்தான், முழு பனியன் ஒன்றைக்கூட அவள் தைத்ததில்லை.

"இப்ப வர்றது கனமழை!" என்று ஒரு கத்து. அண்டாவிலிருந்து வாளி முக்குகிற சத்தம். தொப்பென்று விழுந்தது. டென்ட் ஒரு ஆட்டம் ஆடியது, கம்புகள் வளைந்து நிமிர்ந்தன, துளசிமணி கழுத்தை உள்ளுக்கிழுத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கண்ணை மூடினதும் சின்ன வயசில் இருந்த கொங்கு நகர் லைன் வீடு வந்துவிட்டது. வேண்டாம் என்றாலும் வரும். ஓடு போட்ட ஒற்றை அறை, மழை பிடித்தால் அம்மா எழுந்து விளக்கைப் போட்டு எல்லாரையும் சுவரோரம் உருட்டிவிட்டுப் பாத்திரம் வைப்பாள். சொம்பில் விழுந்தால் ஒரு சத்தம், போசியில் விழுந்தால் ஒரு சத்தம், எவர்சில்வர் தட்டில் விழுந்தால் காது கூசும். மற்ற வீட்டில் பிள்ளைகள் மழை வந்தால் குதிப்பார்கள். அவள் மட்டும் மோட்டைப் பார்த்துக்கொண்டே கிடப்பாள், அடுத்த சொட்டு எந்த ஓட்டில் கனத்துத் தொங்குகிறது, எப்போது விழும், எங்கே விழும். விழுவதைவிட அது தொங்குவதுதான் கொடுமை. ஒருநாள் ராத்திரி பரீட்சைப் புத்தகத்தின் மேல் விழுந்து விழுந்து காலையில் பார்த்தால் பக்கமெல்லாம் அப்பளம். அன்றைக்கு அம்மா அழுதாள், அவள் அழவில்லை, எரிச்சல்தான் வந்தது, இந்தக் கூரையை ஒருத்தருக்கும் அடைக்கத் தெரியவில்லையே என்று. இப்போது அவள் தைத்த கூரைக்குக் கீழே யாரோ ஒரு தாசில்தாரம்மா படுத்துக்கொண்டு மேலே பார்க்கப் போகிறாள். அந்தம்மா தலைமாட்டில் சொம்பா வைக்கமுடியும்.

கண்ணைத் திறந்தாள். எதுவும் விழவில்லை. மறுபடி ஒரு வாளி. விழவில்லை. இன்னொன்று. தண்ணீர் மஞ்சள் துணியின் மேல் ஓடுகிற நிழல் தெரிந்தது, அட்சய திருதியையின் மேல் புரண்டு, தையலைத் தாண்டி, புள்ளி வரிசையைத் தாண்டி, நீலத்தில் இறங்கிப் போனது. புள்ளிகள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் கண்ணாடிச் சில்லு போல் அடைத்துக்கொண்டு நின்றது, உள்ளே வரவில்லை. சரிவு நன்றாக இருக்கிறது, நிற்காமல் ஓடிவிடுகிறது, அதனால்தான். ஓடிவிட்டால் போதுமே! அப்படியானால் இது தாங்கும். தாங்கும் என்றால் நாளைக்கு மூட்டை கட்டிக் கொடுத்துவிடலாம், ஓட்டை இருப்பது அவளுக்கும் ஆண்டவனுக்கும் தவிர யாருக்குத் தெரியும்? தங்கவேலண்ணனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம், மாடியிலேயே ஓரமாக ஷீட் போட்டு இன்னொரு மெஷின் இறக்கலாம், மேரியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், அவளுக்கும் அந்தக் கம்பெனி வெறுத்துவிட்டது, வாய் பேசினாலும் கை சுத்தம். மனசு எவ்வளவு வேகமாக ஓடுகிறது பார், இத்தனை நேரம் எங்கே இருந்தது இந்த ஓட்டம். "ஒழுகுதா புள்ள?" "இல்லீங்!" "ஒரு சொட்டுக்கூட?" "ஒரு சொட்டுக்கூட இல்லீங் மாமா!" வெளியே அவன் வாளியைத் தரையில் வைத்துவிட்டு, "அப்படிப் போடு!" என்று தொடையில் தட்டினான். அந்தச் சத்தத்தில் அவளுக்குச் சந்தோஷம் பொங்கி வரவேண்டும். வந்தது. வந்துகொண்டே இருக்கும்போது நடுவில் எங்கேயோ சிக்கியது.

அந்த ஓட்டை, அந்த வரிசை, அது அங்கேயேதான் இருக்கிறது. தண்ணீர் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்துகொண்டு உள்ளே பார்க்கிறது. அது தொங்குகிறதா, நிற்கிறதா. மலையில் இரண்டு பேர் படுப்பார்கள். தூக்கத்தில் புரளுவார்கள். கை படும், முதுகு உரசும், பை சாயும். இங்கே அவள் சாமி சிலை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருப்பதால் விழவில்லை. அப்படி யார் படுப்பார்கள்? தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். தொடாதே என்றது ஒரு மனசு. பந்தயத்தில் தொடுவது கிடையாது, சும்மா இருந்து விழுந்தால்தான் தோல்வி, நீயாகப் போய் எதற்குக் கிளறுகிறாய், பொழுது சாயட்டும், பேசாமல் இரு. ஆனால் விரல் ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தது. அது செக்கிங் பார்த்துப் பழகின விரல். ஓவர்லாக்குக்கு வருமுன் இரண்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் அவள், துணியைத் தடவாமல் பாஸ் போடவராது அதற்கு. முந்தாநாள் ராத்திரி பிரித்ததும் இந்தக் கைதான், இப்போது போவதும் இந்தக் கைதான், இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது. நுனி விரல் புள்ளி வரிசையைத் தொட்டது. லேசாகத்தான். ஒரு இழுப்பு இழுத்தாள், கோடு போடுகிற மாதிரி. உடனே விரல் நுனியில் குளிர்ந்தது. ஓட்டை ஓட்டையாகக் கண் திறந்துகொண்டது. ஒரு சொட்டு திரண்டு, விரலில் இறங்கி, உள்ளங்கை வழியாக ஓடி, மணிக்கட்டில் நின்று, வளையலைத் தொட்டு, மடியில் போனின் மேல் விழுந்தது.

விழுந்துவிட்டது. துளசிமணி போனின் கண்ணாடியில் இருந்த அந்தச் சொட்டையே பார்த்தாள். அடுத்தது பின்னாலேயே வந்தது. அதுவும் விழுந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள், நிஜமாகவே காத்திருந்தாள், அம்மா மாதிரி அழுவோம் என்று. வரவில்லை. வந்தது அந்தப் பழைய எரிச்சல்தான், இதை எப்படி அடைக்கிறது, அடைக்க வழியில்லாமலா போய்விடும் என்று. தையலில் ஒழுகவில்லை பார், தையல் நன்றாக இருக்கிறது, நூல் இருக்கிற ஓட்டை எல்லாம் ஊமையாக இருக்கிறது, வெறும் ஓட்டைதான் வாயைத் திறக்கிறது. வெறும் ஓட்டை. நூல் இல்லாத ஓட்டை. அப்புறம் என்ன! ஓட்டையைத்தான் மூடமுடியாது, அதில் நூலைக் கோக்க யார் வேண்டாம் என்றது? மெஷினில் கூடாது, மெஷின் புது ஓட்டை போட்டுவிடும். கை ஊசி. ஏற்கெனவே இருக்கிற ஓட்டையிலேயே ஊசியை விட்டு விட்டு எடுத்து, மெழுகு நூல், நல்ல கொழுத்த நூலாக, ஒன்று விடாமல். முடிக்க ஒரு பொழுது ஆகும். ஆகட்டுமே. சிவப்பு நூலாகப் போட்டால்தான் என்ன, நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு, தெரியட்டும், டீச்சரிடம் இந்த இடத்தில் நான் தப்புப் பண்ணினேன், இப்படி அடைத்திருக்கிறேன், தண்ணி ஊற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன். பந்தயம்? பந்தயம் என்ன ஆவது? அவளுக்குச் சிரிப்பு வந்தது. சொட்டு விழுந்து எத்தனை நேரம் ஆயிற்று, அவள் கம்பெனியை நினைக்கவேயில்லையே. ஜன்னலோரத்து இடத்தை ஒரு முறைகூட நினைக்கவில்லை. நூலைத்தான் நினைத்தாள்.

"மாமா!" என்றாள். "ஒழுகுது!" வெளியே வாளி உருண்டது. "என்ன புள்ள சொல்ற?" என்று அவன் டென்ட் வாசலில் மண்டியிட்டு, நனைந்த தலையை உள்ளே நீட்டினான். முகம் வெளுத்துப் போயிருந்தது. "ஒழுகுதுங்கற, ஆனா சிரிக்கற?" அவள் புள்ளி வரிசையைக் காட்டினாள். "நீங்க விடுன்னு சொன்னீங்களே அந்தக் கோணை, நீங்க தூங்குனப்பறம் பிரிச்சுத் தச்சுப் போட்டேன். என்ற புத்திய எதுல அடிக்கறது." சென்னியப்பன் அந்த வரிசையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஆமா பின்ன என்கிற அந்தப் பார்வை வரும் என்று அவள் தயாராக இருந்தாள். அவன், "நேரா இருக்குது புள்ள" என்றான், ஏதோ முதல் தடவை பார்க்கிற மாதிரி. அந்த நேரம் பார்த்து மடியில் போன் அடித்தது. தங்கவேலண்ணன். இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள், அவன் டென்ட் வாசல் துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். துளசிமணி கண்ணாடி மேல் நின்ற சொட்டைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்தாள். "சொல்லுங்ணா. ஆமாங். இல்லீங்ணா, அந்த எடத்துக்கு வேற ஆள் வச்சுக்குங்க. கோவிச்சுக்காதீங்க, எனக்கு இங்க கையில சோலி கெடக்குதுங்." அப்படி என்னத்தத் தைக்கற அம்மணி என்று அவர் கேட்டார். "தோள்பட்டை இல்லீங்ணா, முழுசு" என்றாள். வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்து, "அப்படியே நின்னுட்டிருந்தா எப்படிங்க? கீழ போயி ஊசியும் மெழுகுவத்தியும் எடுத்துட்டு வாங்க, அந்தச் செவப்பு நூலையும். அண்டாவ ரொப்பியே வைங்க, தச்சு முடிச்சதும் மறுபடி மழை வேணும்" என்றாள்.